வெள்ளத்துக்குள் நாம் இருக்கும் இடத்தைச் சொல்வது: வெல்லம்பிட்டியில் நான் பட்டது

களனி கங்கை பெருகி, கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டிக்குள் தண்ணீர் வந்த அன்று வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் வழங்காது, தூக்கித்தான் இடம் மாற்ற வேண்டும். என் கையில் போன் இருந்தது, டேட்டா இருந்தது. லொக்கேஷனை அனுப்பினால் படகு வரும் என்று கொழும்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அனுப்பினேன், படகும் வந்தது. ஆனால் எங்களிடம் வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் போய்த் தேடிவிட்டு, ஆளில்லை என்று திரும்பிவிட்டது. அந்த இரவு முழுக்க, விடிந்த பிறகும் நெடுநேரம், மாடிப்படியில் அம்மாவை என் மடியில் சாய்த்து வைத்திருந்தேன். வரைபடத்தில் ஒரு புள்ளி எப்படி விழுகிறது, அது எப்போது பொய் சொல்லும், படகில் இருப்பவருக்கு உண்மையில் எது தேவை என்பதை யாராவது எனக்கு முன்னரே சொல்லியிருந்தால் அந்த இரவு அப்படிக் கழிந்திருக்காது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

2016 மே மாத வெள்ளத்தின்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். அப்பா போன பிறகு வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்தோம். வீட்டுக்காரர் “தண்ணி ரோட்டு மட்டும்தான் வரும்” என்றார். உள்ளே வராது என்று அவர் சொன்ன சுவரில், பெயின்ட்டுக்குக் கீழே என் இடுப்பளவுக்கு ஒரு கோடு இருந்ததை வெள்ளம் வடிந்து பெயின்ட் உரிந்த பிறகுதான் கண்டேன். தாழ்வான இடத்தில் வீடு எடுக்கிறவர்கள் அயலில் நாலு பேரிடம் 2016-இல் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது.

எங்கள் பக்கத்தில் வெள்ளம் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் பெய்யும் மழையை வைத்து இதைக் கணிக்க முடியாது. மலைநாட்டில், கித்துல்கல பக்கம் கொட்டிய மழை கங்கை வழியே இறங்கி, ஹங்வெல்லவைத் தாண்டி, சில மணி நேரம் கழித்துத்தான் இங்கே வரும். கங்கை உயர்ந்து நின்றால் ஓடைத் தண்ணீர் அதற்குள் இறங்க இடமில்லாமல் பின்னுக்குத் தள்ளி ஒழுங்கைகளுக்குள் ஏறும். வானம் வெளித்த பிறகு வீட்டுக்குள் தண்ணீர் வருவது இதனால்தான். நீர்ப்பாசனத் திணைக்களம் கங்கை மட்டங்களை வெளியிடுகிறது, இணையத்தில் வரைபடமாகவும் பார்க்கலாம். நமக்கு வேண்டியவை, கங்கையில் மேலே உள்ள ஹங்வெல்லவிலும் கீழே கொழும்பில் உள்ள நாகலகம் வீதியிலும் அளக்கப்படும் மட்டங்கள். நாகலகம் வீதியில் 4 அடி எச்சரிக்கை, 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெரு வெள்ளம். ஹங்வெல்லவில் 7 மீட்டர் எச்சரிக்கை, 8 சிறு வெள்ளம், 10 பெரு வெள்ளம். ஒன்று அடியில், மற்றது மீட்டரில் என்பதைக் கவனியுங்கள். வட்ஸ்அப்பில் “7 ஆகிவிட்டது” என்று ஒரு செய்தி சுற்றியது. எந்த இடத்தில், எந்த அலகில் என்று அதில் இல்லை. அந்த ஒரு செய்தியால் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் வீணாகக் கலங்கினார்கள், மீதிப் பேர் வீணாகச் சும்மா இருந்தார்கள். ஹங்வெல்லவில் மட்டம் ஏறும்போதே நோயாளிகளை வெளியேற்றிவிட வேண்டும். நாகலகம் வீதியில் ஏறும்வரை பார்த்திருந்தால் காலம் போதாது.

இனி அந்த இரவு. தண்ணீர் முற்றத்துக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பையன்கள் அம்மாவைக் கதிரையோடு தூக்கி எங்கள் மாடிப்படியின் நடுத்திருப்பத்தில் வைத்துவிட்டுத் தங்கள் வீட்டாரைப் பார்க்கப் போனார்கள். மேல்மாடி கட்டி முடியவில்லை, தூண்களும் வெறும் கொங்கிரீட் தட்டும்தான். மழை என்பதால் அம்மாவை அங்கே கொண்டுபோக முடியாது. கரண்ட் போயிருந்தது. அந்தப் படியில் இருந்தபடி தம்பிக்கு லொக்கேஷன் அனுப்பினேன். அவன் வெள்ளவத்தையில் இருந்தான். அவன் அதை மீட்புக் குழு ஒன்றுக்கு அனுப்ப, அவர்கள் அந்தப் புள்ளியை நோக்கிப் போனார்கள். புள்ளி ஓடைக்கு அப்பால் இருந்தது.

ஏன் அப்படி விழுந்தது என்பதைப் பிறகு நிலஅளவைத் துறையில் வேலை செய்யும் ஒரு தெரிந்தவர் பொறுமையாக விளக்கினார். போன் தன் இடத்தை செய்மதிகளைக் கொண்டு அறியும், அது கிடைக்காவிட்டால் சுற்றியுள்ள வைஃபைகளையும் தொலைபேசிக் கோபுரங்களையும் கொண்டு ஊகிக்கும். கொங்கிரீட்டுக்குக் கீழே செய்மதிச் சமிக்ஞை சரியாக வராது. சாதாரண நாளில் அக்கம்பக்கத்து வைஃபைகள் அந்தக் குறையை ஈடுசெய்வதால் வீட்டுக்குள்ளும் புள்ளி ஓரளவு சரியாக விழுகிறது. கரண்ட் போனால் அந்த வைஃபைகள் எல்லாம் ஒரேயடியாகச் செத்துவிடும். சில மணி நேரத்தில் அருகிலுள்ள கோபுரத்தின் பெற்றரியும் இறங்கும், போன் தூரத்துக் கோபுரத்தைப் பிடிக்கும், புள்ளி எங்கோ தாவும். நமக்கு அது மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் மிகவும் பிழையாகிறது. இதை எந்த அனர்த்தப் பயிற்சியிலும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியும். நீங்கள் அநேகமாக அந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்பதுதான் அதன் பொருள். வட்டம் ஒழுங்கை முழுவதையும் மூடினால் அந்த இடத்தை அனுப்பாதீர்கள். வானம் தெரியும் இடத்தில், ஜன்னலோரத்திலோ மொட்டைமாடியிலோ, போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு சில நிமிடம் நில்லுங்கள். செய்மதிச் சமிக்ஞையைப் பெற டேட்டாவோ சிம்மோ தேவையில்லை. டேட்டா இல்லாவிட்டால் முதல்முறை கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும், அவ்வளவுதான். வட்டம் சுருங்கிய பிறகு அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் ‘லைவ் லொக்கேஷன்’ வேண்டாம். அது பெற்றரியைக் குடிக்கும், கோபுரம் மாறும்போது நம் புள்ளியும் ஊர் சுற்றும்.

எல்லாவற்றையும்விட நல்லது, தண்ணீர் இல்லாத ஒரு வெயில் நாளில் உங்கள் வாசலில் நின்று, அந்த இடத்தைக் குறிக்கும் அகலாங்கு, நெட்டாங்கு என்ற இரண்டு எண்களையும் போனில் எடுத்து ஒரு தாளில் எழுதி வைப்பது. படகில் இருப்பவருக்கு டேட்டா இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் லிங்க் வெறும் எழுத்துதான், வரைபடம் திறக்காது. எண்களை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம், தொலைபேசியில் ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கலாம். கொழும்பில் முதல் எண் 6-இல் தொடங்கும், இரண்டாவது 79-இல். வரிசை மாறினால் புள்ளி வடதுருவத்துக்குக் கிட்ட, ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கடலில் விழும். தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 11 மீட்டருக்குள் வந்துவிடலாம், ஐந்து இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்கு. இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் பிசகும். இன்னொன்று: சில போன்கள் பாகை (டிகிரி), கலை (மினிட்) என்று காட்டும். 6 பாகை 56 கலை என்பதை 6.56 என்று எழுதினால், இரண்டாவது எண்ணையும் அப்படியே எழுதினால், மீட்புப் படகைக் களுத்துறைக்கு மேற்கே நடுக்கடலுக்கு அனுப்புகிறீர்கள். உண்மையில் அது 6.93. தசம வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு தம்பி தனியார் படகுக்காரர் ஒருவரைப் பிடித்தான். அவர் முன்பணமாக 15,000 ரூபாய் கேட்டார், தம்பி ஒன்லைனில் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. காசு போனதைவிட, இன்னும் கொஞ்ச நேரத்தில் படகு வருகிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவர் கையை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டு காத்திருந்த அந்த நேரம்தான் இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது. வெள்ளத்தில் முன்பணம் கேட்கிற யாருக்கும் காசு போடாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸுக்கு 1990. இவற்றோடு உங்கள் கிராம சேவகரின் நம்பரும், பக்கத்துப் பள்ளிவாசலின் அல்லது விகாரையின் நம்பரும் தாளில் இருக்கட்டும்.

அதே இரவில் என் நல்லதை நினைத்த உறவினர்கள் ஆளுக்கொரு பக்கம் எங்கள் விபரத்தைப் போட்டார்கள். தம்பி ஒன்று, டொரோண்டோவிலிருந்து சித்தி ஒன்று, என் அலுவலக நண்பி ஒன்று. தொண்டர்கள் நடத்திய ஓர் இணைய வரைபடத்தில் நாங்கள் மூன்று வெவ்வேறு புள்ளிகளாக இருந்தோம். ஒன்றில் அம்மாவின் பெயர், என் போன் நம்பர், ‘இரண்டு பெண்கள் தனியாக’ என்ற குறிப்பு, எல்லாம் யாரும் பார்க்கும்படி. விடியுமுன்பே முன்பின் தெரியாத ஆண்கள் எனக்கு அழைக்கத் தொடங்கினார்கள். சிலர் உண்மையிலேயே உதவ நினைத்தவர்கள். சிலர் அப்படியில்லை. ஒவ்வோர் அழைப்பும் கடைசிப் பெற்றரியைத் தின்றது. படகுக்காரராக இருக்கலாம் என்பதால் எடுக்காமலும் இருக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

இந்த மாதிரி வரைபடங்களை நான் வெறுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய ‘சஹானா’ என்ற இலவச மென்பொருளை எழுதியவர்கள் இலங்கைத் தன்னார்வலர்கள்தான். அது பிறகு வேறு நாடுகளுக்கும் போனது. கென்யாவில் 2008-இல் தேர்தல் வன்முறையின்போது ‘உஷாஹிதி’ என்ற இணையத்தளம் மக்கள் அனுப்பிய தகவல்களை வரைபடத்தில் போட்டது. வேலை செய்கிற முறைதான் இது. ஆனால் நடத்துகிறவர்கள் பொதுவில் தெரிவதையும் மீட்பாளர் மட்டும் பார்ப்பதையும் பிரிக்க வேண்டும். பொதுவில் ‘இந்தப் பகுதியில் ஒரு நோயாளி’ என்ற அளவு போதும். பெயரும் நம்பரும் உள்ளே இருக்கட்டும். எந்த நேரத்தில் வந்த தகவல், யார் தொலைபேசியில் பேசி உறுதிசெய்தது என்பது ஒவ்வொரு புள்ளியிலும் இருக்க வேண்டும். மிக முக்கியம், மீட்ட பிறகு புள்ளியை மூட வேண்டும். நாங்கள் வெளியேறிய பிறகும் எங்கள் மூன்று புள்ளிகளில் இரண்டு சிவப்பாகவே கிடந்தன. அதைப் பார்த்து இன்னொரு குழு எங்கள் வெற்று வீட்டுக்குப் போய்த் தட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் படகு வேறு யாருக்கோ தேவைப்பட்டிருக்கும். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

குடும்பங்களுக்கு நான் சொல்வது: வெள்ளத்துக்கு வெளியே, கரண்டும் டேட்டாவும் உள்ள இடத்தில் இருக்கும் ஒருவரைத் தொடர்பாளராக முன்கூட்டியே வையுங்கள். அவர் ஒருவர்தான் பதிவார், அவர் நம்பர்தான் வெளியே போகும், அவர்தான் மூடுவார். மற்ற உறவினர் எவ்வளவு துடித்தாலும் அவரிடம் கேட்காமல் எதையும் போடக்கூடாது. உள்ளே இருப்பவரின் போன், தொடர்பாளரோடு பேச மட்டும்.

கடைசியில் எங்களைக் கண்டுபிடித்தது பள்ளிவாசல் பிள்ளைகள் ஓட்டிய ஒரு படகு. விடிந்ததும் நான் மொட்டைமாடிக்கு ஏறி மழையில் நின்று எண்களை எடுத்துத் தம்பிக்கு எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தேன். அது கைமாறி அவர்களிடம் போய், அவர்களில் ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்) எனக்கு அழைத்தார். நான் வழக்கம்போல வீட்டு இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினேன். எங்கள் ஒழுங்கையில் சாய்கோடு போட்டு எழுத்தும் சேர்ந்த இலக்கங்கள், அடுத்தடுத்த வீட்டில்கூட வரிசையாக வராது. “தங்கச்சி, நம்பர் வேணாம். கேட் எல்லாம் தண்ணிக்குக் கீழ. உங்க வீட்டுக்கு மேல என்ன தெரியும், அதச் சொல்லுங்க” என்றார். முடியாத மேல்மாடி, நாலு தூண், பக்கத்து வீட்டில் நீலத் தண்ணீர்த் தாங்கி என்றேன். “ஒரு சிவப்புச் சீலையத் தூணுல கட்டுங்க, வாறோம்” என்றார். அம்மாவின் கூறைச்சேலைதான் கைக்குக் கிடைத்தது. கட்டினேன். மீட்டவர்கள் அம்மாவைப் போர்வையில் கிடத்தி நாலு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். படகில் ஏறிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த நானா எங்கோ பார்த்துக்கொண்டு “அழுங்க, பரவாயில்ல” என்றார்.

ஆகவே தாளில் எண்களுக்குக் கீழே, படகிலிருந்து பார்த்தால் உங்கள் வீடு எப்படித் தெரியும் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள், சிங்களத்திலும் தமிழிலும். கூரை நிறம், தாங்கி நிறம், கிட்ட உள்ள கோபுரம் அல்லது மினாரா. எந்தப் பக்கமிருந்து படகு வர முடியும், எந்த மதிலுக்குக் கம்பி இருக்கிறது, ஓடையில் இழுவை எங்கே என்பதையும் எழுதுங்கள். எங்களுக்கு முதலில் வந்த படகு ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டைப் பார்த்திருந்தாலும் இழுவையில் குறுக்கே வந்திருக்க முடியாது என்று பிறகு சொன்னார்கள்.

மறுநாள் உறவினர் வீட்டில் இருக்கும்போது ஒருவர் செய்மதி வரைபடம் ஒன்றை அனுப்பி “உங்கள் பக்கம் தண்ணியே இல்லையே” என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அதன் காரணமும் தெரிந்திருக்க வேண்டியது. சாதாரண ஒளிப்படம் எடுக்கும் செய்மதிகளுக்கு மழைமேகத்தின் ஊடே ஒன்றும் தெரியாது. சென்டினல்-1 போன்ற ராடார் செய்மதிகளுக்குத் தெரியும். தட்டையான தண்ணீர் ராடார் அலையை அப்பால் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும், வயலும் வெளியும் மூழ்கினால் இதனால் நன்றாகப் பிடிபடும். நெருக்கமான வீடுகளுக்கிடையே தண்ணீர் நின்றால் அலை தண்ணீரிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்துவிடும், படத்தில் அந்த இடம் வெளிச்சமாகவே இருக்கும். அதோடு செய்மதி நம் தலைக்கு மேல் வருகிற நேரமும் வெள்ளம் உச்சத்தில் நிற்கிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கொழும்பின் ஒழுங்கைகளைப் பொறுத்தவரை வரைபடத்தில் நிறம் பூசப்படாத இடம் காய்ந்த இடம் என்று எண்ணக் கூடாது. அங்கே நிற்கிறவர் சொல்வதுதான் தகவல்.

அதனால்தான் வடிந்த பிறகு எங்கள் ஒழுங்கையார் சிலர் சேர்ந்து நாமே பதியத் தொடங்கினோம். முதலில், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் ஒழுங்கைகளையும், படகு கட்டக்கூடிய இடங்களையும், மாடி உள்ள பொதுக் கட்டடங்களையும் போட்டோம். அதை ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் டேட்டா இல்லாமலே பார்க்கலாம். பிறகு ஓடை மதகின் சுவரில் பெயின்ட்டால் அளவுகோடு போட்டோம். அதைப் பார்த்துப் பதிய, தகவல் சேகரிக்கும் கோபோடூல்பொக்ஸ் என்ற கருவியில் ஒரு சிறு படிவம்: நேரம், இடம், மட்டம், ஒரு படம். நெட்வேர்க் இல்லாதபோது போனிலேயே சேர்ந்து, கிடைத்ததும் தானாகப் போகும். கேள்விகள் கூடினால் ஒருவரும் நிரப்பமாட்டார்கள், நாலோடு நிறுத்துங்கள். தண்ணீர் ஏறாத நாளிலும் பதிய வேண்டும் என்று பிள்ளைகளிடம் மன்றாடிக் கேட்டுக்கொண்டேன். மட்டம் சாதாரணமாக எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஏறியதைக் காட்ட முடியும். 2021-இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் சரக்குவக் கடற்கரைப் பக்கமெல்லாம் ஒதுங்கியபோதும் இதே தேவைதான்: எந்தக் கரையில், எந்த நாளில், எவ்வளவு ஒதுங்கியது என்பதோடு, எந்தக் கரையில் இல்லை என்பதும். இப்போது எங்கள் படிவத்தில் அதிகம் வருவது மதகில் அடைத்த குப்பை. நேரமும் இடமும் படமும் உள்ள முறைப்பாட்டை நகரசபையில் தட்டிக்கழிப்பது வாய்ப்பேச்சைத் தட்டிக்கழிப்பது போல இலகுவல்ல.

நட்டம் எங்களுக்கு நான்கு லட்சத்துக்குக் குறையாது: குளிர்சாதனப் பெட்டி, அம்மாவின் காற்று மெத்தை, சக்கர நாற்காலி, தளபாடங்கள், அந்த முன்பணம், சம்பளமில்லாத லீவு. சேத விபரம் கொடுக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. நான் எடுத்த படங்களையெல்லாம் வட்ஸ்அப்பில் தம்பிக்கு அனுப்பி வைத்திருந்தேன், என் போன் ஈரத்தில் கெட்டுவிட்டது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் அதிலிருந்து அகற்றப்பட்டுவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அவை அப்படியே இருக்கும். கமெராவில் லொக்கேஷன் அமைப்பை இப்போதே போட்டுவிடுங்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவத் தொடங்குமுன் ஒவ்வோர் அறையிலும் சுவர்க் கோட்டின் அருகே அடிமட்டத்தை வைத்துப் படமெடுங்கள். பொருட்களை வெளியே எறியுமுன் ஒவ்வொன்றையும் எடுங்கள். கிராம சேவகரிடம் படிவம் கொடுக்கும்போது பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கிராம சேவகரான பெண்மணி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, ஒழுங்கையில் மற்றவர்களுக்கும் இப்படி எடுக்கச் சொல்லிக்கொடுங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிவாசல் மண்டபத்தில் அதைத்தான் செய்கிறேன். வருகிறவர்கள் வீட்டுத் தாளையும் அங்கேயே எழுதுகிறார்கள், பிறகு தங்கள் வீட்டு வாசலுக்குப் போய் எண்களைச் சரிபார்த்து, தங்கள் தொடர்பாளருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுகிறார்கள்.